முட்டை பொரியும் சத்தம்

எலும்பும் தோலுமாக மெலிந்துபோன ஒருவனின் கண்முன்னே இன்னொருவன் முட்டை பொரிக்கும் காட்சி ஒன்று, 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'கிங் ராட்' திரைப்படத்தின் தொடக்கப் பகுதியில் வருகிறது. இடம் சிங்கப்பூரின் சாங்கி சிறைமுகாம். காலம் இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டாகிய 1945. முட்டை பொரிப்பவன் கிங் என்னும் அமெரிக்கக் கார்ப்பரல். பார்த்துக்கொண்டிருப்பவன் பீட்டர் மார்லோ என்னும் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி. பதவியில் மார்லோ மேலே இருப்பவன். பிறந்த குடியும் படித்த படிப்பும் அவனை இன்னும் மேலே வைத்திருக்கின்றன. இடுப்பில் சாரோங் கட்டிக்கொண்டு நிற்கிற அந்த அதிகாரி, துவைத்து மடிப்புக் கலையாத சட்டை அணிந்த கார்ப்பரல் நீட்டும் முட்டையை வாங்கலாமா, வாங்கினால் அதற்குப் பின்னால் என்ன கேட்கப்படும் என்று தயங்கி நிற்கும் அந்தச் சில நொடிகளில், படம் தான் சொல்லப்போகும் அனைத்தையும் சொல்லிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

இந்தப் படத்தை நான் முதன்முறை பார்த்தபோது எனக்கு இருபது வயதுக்குச் சற்று மேல். போர்க்கைதிகளைப் பற்றிய படம் என்றால் சுரங்கம் தோண்டுவார்கள், முள்வேலியைத் தாண்டுவார்கள், குறைந்தபட்சம் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று ஓர் உறுதியான வாக்கியமாவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்படி எதுவுமே நடக்காததால் பெரிய ஏமாற்றம். கிங்கை அப்போது வில்லன் என்று முடிவுகட்டினேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. அவனை நாயகன் என்று மாற்றி எழுதவும் முடியவில்லை. அன்றிலிருந்து இந்தப் படம் என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

படத்தின் மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் கிளாவெல், பிரிட்டிஷ் பீரங்கிப்படையின் இளம் அதிகாரியாக ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, பின்னர் சாங்கியில் அடைபட்டுக் கிடந்தவர். நாவல் 1962இல் வந்தது. பிரையன் ஃபோர்ப்ஸ் அதற்குத் திரைக்கதை எழுதி இயக்கினார். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜெர்மானிய முகாமொன்றிலிருந்து கைதிகள் சுரங்கம் வழியே தப்புவதைச் சொல்லி உலகம் முழுவதும் கொண்டாடப்பட்ட 'தி கிரேட் எஸ்கேப்' படத்தின் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரும் இதே கிளாவெல்தான். தப்பித்தலின் கதையைப் பிறருக்காக எழுதிக் கொடுத்தவர், தன் சொந்த அனுபவத்தில் தப்பித்தலுக்கு இடமே இல்லாத ஒரு கதையை வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் புவியியலிலும் தோலின் நிறத்திலும் இருந்தது. ஐரோப்பாவில் முகாமைவிட்டு வெளியேறிய ஒரு பிரிட்டிஷ் கைதி, மாற்றுடையும் போலிப் பத்திரமும் கிடைத்தால் ரயில் நிலையக் கூட்டத்தில் கலந்துவிடலாம். சிங்கப்பூரிலிருந்து வெளியேறும் வெள்ளைக்காரன் எங்கே கலப்பான்? சுற்றிலும் கடல், கடலுக்கு அப்பால் ஜப்பானியர் வசமிருந்த மலாயா, அடுத்த நட்பு நாட்டு எல்லைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 1942 செப்டம்பரில் தப்ப முயன்று பிடிபட்ட நால்வரைச் சாங்கிக் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். தப்பமாட்டோம் என்று உறுதிமொழி எழுதித் தர மறுத்ததற்காக 15,000க்கும் மேற்பட்ட கைதிகளைச் செலராங் படைக்குடியிருப்பின் சதுக்கத்தில் நெருக்கியடித்து நிறுத்தி, வயிற்றுப்போக்குப் பரவத் தொடங்கிய பிறகு, வேறு வழியின்றிக் கையெழுத்திட வைத்தார்கள். எனவே சாங்கியில் வேலி பெரிய பொருட்டாகவே இருக்கவில்லை. ஒவ்வொருவனும் தாண்ட வேண்டியிருந்தது அடுத்த வேளைச் சோற்றுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டுமே.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது நமக்குப் பழகிய வாக்கு. மானம், குலம், கல்வி என்று தொடங்கும் அந்தப் பத்தில் எதுவெது எப்போது பறக்கிறது, எது கடைசிவரை பறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால் அது இந்தப் படத்தைப் போலத்தான் இருந்திருக்கும். ஃபோர்ப்ஸின் சாங்கியில் மானம் சீக்கிரமே போய்விடுகிறது. பதவி மட்டும் போவதில்லை. கந்தல் உடுத்தியவர்கள் கந்தல் உடுத்தியவர்களுக்கு வணக்கம் வைக்கிறார்கள்; அதிகாரிகளுக்குத் தனிக் குடியிருப்பு, தனி மரியாதை. அந்த அடுக்குமுறைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், இன்னோர் அடுக்குமுறை ஓடுகிறது. அதன் உச்சியில் கிங் இருக்கிறான். கைதிகள் ஒளித்து வைத்திருக்கும் கைக்கடிகாரங்களையும் பிற உடைமைகளையும் காவலர்களிடம் விற்றுத் தரகு எடுப்பவன் அவன்; மலாய் மொழி தெரிந்த மார்லோ அவனுக்கு மொழிபெயர்ப்பாளனாகிறான். முட்டைக்குப் பின்னால் இருந்த கேள்வி அதுதான்.

ஜார்ஜ் சீகல் கிங்காக நடிக்கும்போது அவரிடம் கொடூரம் ஒரு துளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதுமில்லை. விலை சொல்கிறார், அவ்வளவுதான். போர் இல்லாத ஊரில் அவர் ஒரு கடையில் நின்று இதே முகத்தோடு இதே சுறுசுறுப்போடு வியாபாரம் செய்துகொண்டிருப்பார், யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். எதையும் விலையாக மாற்றத் தெரிந்த அந்தச் சாதாரணத் திறமை, எல்லாமே அருகிப்போன ஓரிடத்தில் உயிரையும் சாவையும் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரமாக மாறிவிடுகிறது. அவன் ஒருவன் கொழுக்கிறான் என்பதற்காக மற்றவர்கள் அவனை வெறுக்கிறார்கள். அவனிடமிருந்து சிந்துவதைப் பெறுவதற்காக அவனுடைய சிகரெட்டைப் பற்றவைக்கவும் ஓடுகிறார்கள்.

அவனுக்கு எதிரில் நிற்பவன் லெப்டினன்ட் கிரே, முகாமின் ராணுவக் காவல் அதிகாரி. டாம் கோர்ட்னியின் இறுகிய தாடையும் தூக்கமற்ற கண்களும் இந்தப் பாத்திரத்தை மறக்கவிடாமல் செய்கின்றன. கிரே ஏழ்மையான குடும்பத்திலிருந்து வந்தவன். அவனுக்கு விதிப்புத்தகம் ஒன்றுதான் சொத்து. மேட்டுக்குடியில் பிறக்காத ஒருவன் மேட்டுக்குடிக்காரனுக்குச் சமமாக நிற்கக்கூடிய ஒரே இடம் சட்டம் என்று அவன் மனமார நம்புகிறான். அதனால்தான் கிங்கின் சட்டை மடிப்பு அவன் கண்ணைக் குத்துகிறது. என் கணிப்பில் இந்தப் படத்தின் மிகத் துயரமான மனிதன் இவன். அதற்கு நான் காட்டும் சான்று எடைக்கல் விவகாரம்.

உணவுப் பங்கீட்டைப் பொறுப்பில் வைத்திருக்கும் உயர் அதிகாரி, கைதிகளின் அளவில் கைவைக்கிறார் என்பதைக் கிரே தற்செயலாகக் கண்டுபிடிக்கிறான். எடைக்கல்லிலேயே கள்ளம். ஒவ்வொரு முறை தராசு தூக்கும்போதும் பசித்தவர்களின் கஞ்சியிலிருந்து கொஞ்சம் மேலிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கையூட்டுத் தர முன்வந்தும் வாங்க மறுத்து, அந்தக் கள்ள எடைக்கல்லைச் சான்றாகக் கொண்டுபோய்க் கர்னலின் மேசைமீது வைக்கிறான். சில நாட்களில் அவனைக் கூப்பிட்டு, சம்பந்தப்பட்டவர்கள் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்கள், இதை மறந்துவிடு என்கிறார் கர்னல். அவரும் இதில் கூட்டு என்று கிரே குற்றஞ்சாட்டும்போது, மேசைமீதிருக்கும் கல் சரியான எடையுள்ள கல்லாக மாறியிருக்கிறது. பிறகு அவர் மிகவும் மென்மையான குரலில், அவனைத் தற்காலிகக் கேப்டனாகப் பதவி உயர்த்துவது பற்றிப் பேசுகிறார். கிரே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார் கர்னல்.

இந்தக் காட்சியை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் கிரேயின் முகத்தில் ஒரு முடிவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் சம்மதித்தானா, சொல்வதற்குச் சொல் கிடைக்காமல் நின்றானா? கிங் வெளிப்படையாகச் செய்யும் வியாபாரத்தைத் துரத்தித் துரத்தி ஓடியவன், தான் தலைவணங்கும் அமைப்பின் அடிவயிற்றிலேயே அதைவிட இழிவான வியாபாரம் நடப்பதைக் கண்டு, தனக்கும் அங்கே ஒரு விலை குறிக்கப்பட்டிருப்பதை அறிகிறான். கிங் எவனுடைய கஞ்சியையும் திருடவில்லை என்பதை அந்த நேரத்தில் பார்வையாளர் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

எலிகளின் பகுதியும் இதே நரம்பைத்தான் தொடுகிறது. கிங்கும் அவனுடைய கூட்டாளிகளும் எலிகளைப் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கி, அந்த இறைச்சியைச் சருகுமான் இறைச்சி என்று சொல்லி உயர் அதிகாரிகளுக்கு விற்கிறார்கள். வாங்குபவர்கள் விருந்து கிடைத்த மகிழ்ச்சியில் உண்கிறார்கள். படம் இதை வேடிக்கையாகக் காட்டுவதுபோலத் தொடங்கி, மெல்லுகிற வாய்களின்மீது கேமரா நிற்கும் நேரத்தில் வேடிக்கையை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. இன்னொரு முறை, ஒரு கைதி செல்லமாக வளர்த்த நாயைக் கொல்ல நேர்கிறது. அந்த இறைச்சி கிங்கின் அடுப்பில் வேகிறது. அது என்ன இறைச்சி என்று தெரிந்ததும் கூடியிருப்பவர்கள் அதிர்ந்து பின்வாங்குகிறார்கள். பிறகு உண்கிறார்கள். பர்னெட் கஃபியின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் வியர்வையும் எண்ணெயும் ஒரே பளபளப்பாகத் தெரிவதால், அந்த விருந்தின் சுவையும் அருவருப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் நம்மீதும் படிகின்றன.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உண்மையான சாங்கி, படம் காட்டும் சாங்கியைவிடத் தாங்கக்கூடிய இடமாகவே இருந்தது. மூன்றரை ஆண்டுகளில் அங்கே தங்கியும் அதன் வழியே கடந்தும் சென்றவர்கள் சுமார் 87,000 பேர். முகாமிலேயே இறந்தவர்கள் ஏறத்தாழ 850 பேர். வைட்டமின் குறைவால் வந்த நோய்களைத் தடுக்க லாலாங் புல்லை அரைத்துச் சாறெடுத்தார்கள். வகுப்புகள் நடத்தினார்கள், நாடக மேடை அமைத்தார்கள். பெயரும் படைப்பிரிவும் இறப்பும் விடுபடாமல் குறிக்கும் பதிவேட்டு அலுவலகம் ஒன்றைக் கைதிகளே நடத்தினார்கள். சாங்கியில் இருந்த முன்னாள் கைதிகள் சிலர், தங்கள் தோழர்களை இப்படி ஒருவரையொருவர் பிடுங்கித் தின்பவர்களாகக் காட்டியதற்காகக் கதையின்மீது மனவருத்தம் கொண்டார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் ஜப்பானியரிடம் அகப்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ், பிற மேற்கத்தியக் கைதிகளில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் உயிரோடு திரும்பவில்லை, ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் அகப்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் கைதிகளில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே இறந்தார்கள் என்னும் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கதை சாங்கியின் சுவருக்குள் கொண்டுவந்து அடைத்த பசி எங்கோ உண்மையாகவே இருந்த பசிதான் என்று புரிகிறது.

அந்த 'எங்கோ' என்பதற்குப் பெயர் உண்டு: சயாம்–பர்மா ரயில் பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், 1942 நடுப்பகுதியிலிருந்து 1943 அக்டோபர் வரை மலையைக் குடைந்தும் காட்டை அழித்தும் போடப்பட்டது. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் உழைத்தார்கள். சுமார் 12,000 பேர் இறந்தார்கள். 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து 'எஃப் ஃபோர்ஸ்' என்ற பெயரில் 7,000 பேரை, உணவு நன்றாகக் கிடைக்கும் இடத்துக்கு அழைத்துப்போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ரயிலிலிருந்து இறக்கி, மழையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடக்கவைத்தார்கள். அவர்களில் 3,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆண்டு முடிவில் மீண்டு வந்தவர்கள் சாங்கியின் வாசலைக் கண்டு, வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல உணர்ந்தார்களாம்.

தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பாதையில் ஒரு கணம் நிற்காமல் என்னால் கடக்க முடியாது. கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள். சில மாதம் வேலை, நல்ல கூலி என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பலரை வலுவில் பிடித்தார்கள். இலவசத் திரைப்படம் காட்டுவதாக அறிவித்து, அரங்கு நிறைந்ததும் கதவை அடைத்து, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய கதையும் சொல்லப்பட்டிருக்கிறது. இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடிகிறது. ஏனென்றால் பட்டியல் இல்லை.

படத்தில் கிரே கட்டிக்காக்கத் துடிக்கும் அந்த அடுக்குமுறையை நாம் எளிதாக வெறுத்துவிடலாம். ஆனால் ரயில் பாதையில் கைதிகளைக் காத்ததில் அதற்கும் பங்கு இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே என்று ஆணையிட ஓர் அதிகாரி இருந்தார். மலக்குழி எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு மருத்துவர் இருந்தார். மூங்கிலையும் ரப்பர்க் குழாயையும் கொண்டு காலரா நோயாளிக்கு உப்புநீர் ஏற்றக் கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை. 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாக அவர்கள் சாய்ந்தார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் நினைவுக்கற்கள் வரிசை தப்பாமல் நிற்கின்றன. தொழிலாளர்கள் பொதுக்குழிகளில் கிடக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் ஒரு கிங் இருந்திருப்பான், ஒரு கிரே இருந்திருப்பான், முட்டையின் முன்னால் தயங்கிய ஒருவன் நிச்சயம் இருந்திருப்பான். இதைப் படத்தின் குறையாக நான் சொல்லவில்லை. கிளாவெல் தான் கிடந்த இடத்தைப் பற்றி எழுதினார். மற்ற இடத்தைப் பற்றி எழுதவேண்டியவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

மார்லோவுக்கும் கிங்குக்கும் இடையில் வளர்வது நட்பா, கணக்கா என்னும் கேள்வியைப் படம் கடைசிவரை அவிழ்ப்பதில்லை. மார்லோவின் கையில் பட்ட காயம் அழுகத் தொடங்குகிறது; கையை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை. முகாமில் எவனுக்கும் கிட்டாத மருந்தைப் பெரும்பணம் கொடுத்து வரவழைத்து, படுக்கையருகே உட்கார்ந்து அவனைக் காப்பாற்றுகிறான் கிங். அதே சமயத்தில், கிங்கின் மிகப் பெரிய பேரமாகிய வைர விற்பனையில் கிடைத்த பணம் ஒளித்து வைக்கப்பட்ட இடம் மார்லோ ஒருவனுக்குத்தான் தெரியும். பணத்துக்காகக் காப்பாற்றினானா, மனிதனுக்காகவா? முதன்முறை பார்த்தபோது பணத்துக்காக என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். இப்போது, தன் மனத்தில் அன்பு போன்ற ஏதோ எழுவதைக் கண்டு பயந்துபோய் அதற்கும் ஒரு விலைச்சீட்டை ஒட்டிவிடுகிற மனிதனாகக் கிங்கைப் பார்க்கிறேன். மார்லோவாக நடிக்கும் ஜேம்ஸ் ஃபாக்ஸின் முகத்திலோ சந்தேகம் ஒருபோதும் வருவதில்லை. அது மார்லோவின் மேட்டுக்குடிப் பெருந்தன்மையா, குழந்தைத்தனமா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கிங்கைத் தோழனாகப் பார்த்தவன் அந்த முகாமிலேயே அவன் ஒருவன்தான்.

பிறகு விடுதலை வருகிறது. படத்தின் மிகப் பயங்கரமான பகுதி அதுதான். 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பானியப் பேரரசரின் அறிவிப்பு வானொலியில் வந்தது. பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது செப்டம்பர் 5இல். இடைப்பட்ட மூன்று வாரங்கள் கைதிகள், தோற்றுப்போன காவலர்களின் காவலிலேயே இருந்தார்கள். அந்த வினோதமான இடைவெளியின் மனநிலையைப் படம் ஒரே காட்சியில் பிடிக்கிறது. வானிலிருந்து குதித்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் தனியாளாக வாயில் வழியே நடந்து வருகிறார். நல்ல உடல், நல்ல சீருடை, உரத்த குரல். நீங்கள் விடுதலை பெற்றுவிட்டீர்கள் என்று சொல்லப்போகும் அவரை நோக்கி யாரும் ஓடி வருவதில்லை. அவர் முன்னே ஓரடி வைக்க, கைதிகள் பின்னே ஓரடி வைக்கிறார்கள். அவருடைய கண்களில்தான் அவர்கள் முதன்முதலாகத் தங்களைப் பார்க்கிறார்கள். அதுவரை எல்லோரும் ஒரேபோல மெலிந்திருந்ததால் மெலிவு என்பதே தெரியாமல் இருந்தது. அவர் கண்ணுக்கு உறுத்தலாகப் படுகிற ஒரே மனிதன், தன்னைப் போலவே நல்ல சட்டையும் சதைப்பிடிப்பும் கொண்ட கிங். நீ மட்டும் எப்படி இப்படி இருக்கிறாய் என்னும் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. நேற்றுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பதில் தெரியும்.

அந்த நொடியிலிருந்து கிங் சுருங்கத் தொடங்குகிறான். உணவு லாரிகளில் வந்து இறங்கும்போது அவனிடம் விற்க ஒன்றுமில்லை. ஒளித்து வைத்த பணம், வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய ஆக்கிரமிப்பு டாலர், ஒரே நாளில் வெறுங்காகிதம். நேற்று சிகரெட் பற்றவைக்க ஓடியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மார்லோ மட்டும் அவனைத் தேடி வருகிறான். கிங் அவனையும் விலக்குகிறான்: நீ என்னிடம் வேலை பார்த்தாய், நான் கூலி கொடுத்தேன், அதோடு சரி என்ற பொருளில் ஒரு பதில். குரலில் கோபமில்லை. முட்டை பொரித்த அன்று விலையைச் சொல்லாமல் விட்டவன், எல்லாம் முடிந்த பிறகு அதைச் சொல்கிறான்.

அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டு லாரி புறப்படுகிறது. ஜான் பாரியின் இசை எதையும் உயர்த்திப் பிடிக்காமல் கூடவே போகிறது. வழியனுப்ப மார்லோ விரைந்து வருகிறான். அவன் வந்து சேரும்போது லாரி நகர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு நடுவில் கிங்கின் முகம் ஒருமுறை தெரிந்து மறைகிறது. பாதையில் தனியாக நிற்கிற மார்லோவுக்கு இரண்டு கைகளும் இருக்கின்றன.